பழைய டாட்டாவுக்கு ஹெட் கேஸ்கெட் போடுவது, அதுவும் உப்புக்காற்றில்

பெரியப்பாவின் லாரிக்கு இந்த வருஷம் ஹெட் கேஸ்கெட் மாற்றினோம், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதை மேலே மூடுகிற ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைத்து வைக்கிற தகடு. டாட்டா 1210, செமி ஃபார்வர்டு, முன்னால் கொஞ்சம் மூக்கு நீட்டிக்கொண்டு நிற்குமே அந்த வண்டி. எண்பதுகளின் தொடக்கத்தில் வாங்கியது. டெல்கோவும் (டாட்டா மோட்டார்ஸின் பழைய பெயர்) டைம்லர் பென்ஸும் சேர்ந்து லாரி செய்தது 1954 முதல் 1969 வரைதான், அதற்கப்புறம் முகப்பில் இருந்த பென்ஸ் நட்சத்திரமும் போய்விட்டது, ஆனாலும் எங்கள் பக்கத்துப் பெருசுகளுக்கு இது இன்னமும் ‘டாட்டா பென்ஸு’. பாம்பன் ரோட்டுப் பாலம் 1988ல் திறப்பதற்கு முன்னாலேயே இந்த வண்டி ராமநாதபுரம் கடலோரத்துத் திருப்பாலைக்குடி உப்பை மதுரைக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. இப்போது தூர ஓட்டம் கிடையாது. உப்பளத்துக்கும் கிட்டங்கிக்கும் நடுவே ஓடும், மழை இல்லாத மாதங்களில் தண்ணீர் டேங்க் தூக்கி வைத்துக்கொண்டு ஓடும், அவ்வளவுதான்.

இதை எழுதக் காரணம், எங்கள் பக்கத்தில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: நல்ல கேஸ்கெட் எந்தக் கம்பெனி, எங்கே கிடைக்கும்? ஒரே வண்டிக்கு அடுத்தடுத்து கேஸ்கெட் மாற்றிவிட்டு ஒவ்வொரு தடவையும் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என் அபிப்பிராயம், கேஸ்கெட்டை உட்கார வைக்கிற வேலை ஒரு காலைப் பொழுதுக்குள் முடிந்துவிடும். அதற்கு முன்னால் இருக்கிற வேலைதான் வேலை. அதையும் தாண்டி, கேஸ்கெட் ஏன் போனது என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் பெரும்பாலும் பதில் ரேடியேட்டரில் ஊற்றுகிற தண்ணீரில் இருக்கிறது.

முதலில் எஞ்சினைப் பற்றி. இதில் இருப்பது 692. ஆறு சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் துளையின் குறுக்களவு), பெயரிலேயே இரண்டும் இருக்கிறது. 697 என்றால் 97 மில்லிமீட்டர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடையில் ‘டாட்டா ஆறு சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்’ என்று மட்டும் கேட்டால் 697க்கு உள்ளதை எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. எஞ்சின் நம்பரை எழுதிக்கொண்டு போங்கள், முடிந்தால் பழைய கேஸ்கெட்டையே கையில் எடுத்துக்கொண்டு போய் மேலே வைத்துப் பாருங்கள். போர் வட்டம், தண்ணீர் ஓட்டைகள், வால்வை அமுக்கித் திறக்கிற ராக்கருக்கு ஆயில் ஏறுகிற சின்ன ஓட்டை, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார வேண்டும். அந்த ஆயில் ஓட்டை மறைந்துபோனால் வண்டி ஓடும், ராக்கர் காய்ந்து தேய்ந்துபோகும், கண்டுபிடிக்க நாளாகும்.

இன்னொன்று, ஆறு சிலிண்டர் கேஸ்கெட் நீளமானது, மெல்லிசானது. கடைகளில் அதை ஆணியில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். நடுவில் மடங்கினதை நிமிர்த்திக் கொடுத்தால் வாங்காதீர்கள். மடிப்பு விழுந்த இடத்தில் உள்ளே இருக்கிற சரக்கு உடைந்திருக்கும், மேலே தகடு பளபளவென்றுதான் இருக்கும். வாங்கி வந்த பிறகும் பலகைமேல் படுக்கையாகத்தான் வைக்க வேண்டும். நாங்கள் மதுரையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரும்போது இரண்டு பிளைவுட் துண்டுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தோம், கண்டக்டர் கண்ணாடியா என்று கேட்டார்.

சரி, கேஸ்கெட்தான் போய்விட்டது என்று எப்படித் தெரியும்? எங்கள் வண்டி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. எங்கேயும் ஒழுகல் இல்லை, சாயந்திரம் பார்த்தால் ரேடியேட்டரில் அரை அடி குறைந்திருக்கும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, மூடி போடாமல், எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே குமிழ் குமிழாக வந்தால் எரியும் வாயு தண்ணீர்ப் பாதைக்குள் போகிறது. சூடேறின பிறகு வருகிற குமிழை நம்ப வேண்டாம், அது வெறும் கொதிப்பாகக்கூட இருக்கலாம். பெல்ட் இல்லாமல் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓட்டவும் கூடாது. அப்புறம் டிப்ஸ்டிக். ஆயில் வெளுத்து மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்திருந்தால் தண்ணீர் ஆயிலில் இறங்கிவிட்டது, அந்த ஆயிலோடு வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும். எங்களுக்கு நல்லவேளையாக ஆயில் சுத்தமாக இருந்தது. சத்தத்தில் மட்டும் ஒரு தடுமாற்றம். ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாகக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்ததில் ஐந்தும் ஆறும் தளர்த்தினாலும் எஞ்சின் சத்தம் மாறவில்லை, அதாவது அந்த இரண்டும் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து செத்திருந்தால் நடுவில் இருக்கிற கேஸ்கெட் கரை எரிந்து வழி விட்டிருக்கிறது என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம்.

வேலைக்கு ராமநாதபுரத்திலிருந்து மெக்கானிக் காக்காவைக் கூப்பிட்டோம். கீழக்கரைக்காரர், அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், ஊரில் எல்லோருக்குமே அவர் காக்காதான், என் அப்பா வயசுக்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். இந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றக்கூடியவர், ஆனால் கண்ணை மூட மாட்டார். வந்ததும் எஞ்சினைப் பார்க்கவில்லை, ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “மாமா, இது என்ன கடல் தண்ணியா?” என்று பெரியப்பாவைக் கேட்டார். பெரியப்பா, “கெணத்துத் தண்ணிதான்ய்யா, மாடு குடிக்குதுல்ல” என்றார். “மாட்டுக்கு இரும்பு ஹெட்டு இல்லையே மாமா.”

(கூலண்ட் கலந்த தண்ணீராக இருந்தால் தயவுசெய்து நாக்கில் வைக்காதீர்கள், அது விஷம். இதில் கூலண்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அவருக்குத் தெரியும்.)

தேவிபட்டினத்திலிருந்து வடக்கே தொண்டி வரைக்கும் கடலோரக் கிணறுகளில் பலதும் உப்புக் கரிக்கும், இது யாருக்கும் புதிதில்லை. அந்தத் தண்ணீரை எஞ்சினில் ஊற்றினால் இரண்டு விதமாகக் கெடுக்கும். கொதிக்கக் கொதிக்க சுண்ணாம்பும் உப்பும் பாறையாகப் படியும், சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே நிற்கும். துருவும் சேறும் சேர்ந்து வாட்டர் பம்பிலிருந்து தூரமாக இருக்கிற பின்பக்கத்தில் போய் அடையும், அதாவது ஐந்து, ஆறாம் சிலிண்டர். எங்களுக்குப் போனதும் அங்கேதான். இரண்டாவது விதம் இன்னும் மோசம். பழைய மாதிரி கேஸ்கெட் செம்புத் தகடு போர்த்தியது, ஹெட்டும் பிளாக்கும் வார்ப்பிரும்பு. செம்பும் இரும்பும் ஒட்டிக்கொண்டிருக்க நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் அங்கே ஒரு பேட்டரி வேலை செய்கிறது, அதில் கரைவது எப்போதும் இரும்புதான். தண்ணீர் ஓட்டைகளின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே போர் வட்டத்தை நோக்கி வரும். ஒரு நாள் போரைச் சுற்றி இருக்கிற கேஸ்கெட்டின் நெருப்பு வளையத்துக்குக் கீழே பிடிமானம் இருக்காது. அப்போது நீங்கள் ஜெர்மனியிலிருந்து கேஸ்கெட் இறக்குமதி செய்து போட்டாலும் அது நிற்காது.

கழற்றும் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரி வயரை எடுத்துவிட்டுத் தண்ணீரை முழுசாக இறக்க வேண்டும், ரேடியேட்டர் குழாயில் மட்டுமல்ல, பிளாக்கிலும் ஒரு குழாய் இருக்கும், பல வண்டிகளில் அது துருவில் அடைத்திருக்கும், கம்பி விட்டுக் குத்த வேண்டும். இல்லாவிட்டால் ஹெட்டைத் தூக்கும்போது மிச்சத் தண்ணீர் நேராகச் சிலிண்டருக்குள். மேனிஃபோல்டு, டீசல் பைப், இன்ஜெக்டர், ராக்கர் எல்லாம் வெளியே. டீசல் பைப் முனைகளை உடனே பாலித்தீன் பையால் கட்டிவிடுங்கள், ஒரு மணல் போதும் இன்ஜெக்டர் முனையில் இருக்கிற நாசிலைக் கெடுக்க. ராக்கரைக் கீழிருந்து தள்ளுகிற கம்பிகளான புஷ்ராடுகளை ஒரு அட்டையில் பன்னிரண்டு ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வைத்தோம், எது எங்கே இருந்ததோ அது அங்கேயே திரும்பிப் போக வேண்டும். ஹெட் போல்ட்டைத் தளர்த்துவது எஞ்சின் முழுசாக ஆறின பிறகுதான், ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொன்றாகக் கால் சுற்று, அரைச் சுற்று. சூட்டோடு கழற்றினால் ஹெட் கோணிக்கொள்ளும்.

ஒட்டிக்கொண்ட ஹெட்டை ஜாயிண்டில் உளி வைத்து அடித்துப் பெயர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு அடியில் விழுகிற வெட்டு அடுத்த கேஸ்கெட்டைக் கொன்றுவிடும். ஹெட்டின் பக்கத்தில் மரக்கட்டை வைத்துத் தட்டினால் இளகிவிடும், பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே வார்ப்பு ஹெட், ஒரு ஆளால் ஆகாது. பனங்கட்டை மூன்றை முக்காலியாக நிறுத்தி செயின் பிளாக் மாட்டித் தூக்கினோம். கீழே இறக்கும்போது இரண்டு பலகைமேல்தான், முகம் தரையில் படக்கூடாது.

தூக்கின உடனே எல்லாம் தெரிந்துவிட்டது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் கேஸ்கெட் கறுத்து எரிந்து ஒரு வாய்க்கால். ஹெட்டில் பின்பக்கத்துத் தண்ணீர் ஓட்டை இரண்டு முட்டை வடிவத்துக்கு அரித்திருந்தது. பிளாக்குக்குள் பின்பக்கம் விரல் விட்டால் சேறு. பக்கவாட்டில் இருக்கிற கோர் பிளக் மூடிகளைத் தட்டி எடுத்து, வளைத்த கம்பியால் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது, செம்மண்ணும் இல்லாத துருவும் இல்லாத ஒரு சரக்கு. இதைத் தோண்டாமல் புது கேஸ்கெட் போட்டு அனுப்பியிருந்தால் அதே ஐந்தும் ஆறும் அதே மாதிரி வெந்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துக் கேஸ்கெட்டில் செம்புத் தகடுக்கு நடுவில் இருப்பது அஸ்பெஸ்டாஸ். அதைக் காய்ந்த நிலையில் சுரண்டினால், கம்பி பிரஷ் போட்டால், ஏர் அடித்தால், நூல் நூலாகப் பறந்து நுரையீரலுக்குள் போய்த் தங்கும், பல வருஷம் கழித்து நோயாக வரும். டீசலோ தண்ணீரோ ஊற்றி ஈரமாக்கிச் சுரண்டுங்கள், மூக்கை நல்ல மாஸ்க்கால் மூடுங்கள், சுரண்டினதை ஈரத்தோடே பையில் கட்டிவிடுங்கள். துண்டை முகத்தில் கட்டிக்கொள்வது இதற்குப் போதாது. பட்டறைப் பையன்களிடம் இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு ஒரு வருத்தம்.

பிளாக் முகத்தைச் சுத்தம் செய்வதில் காக்காவுக்கும் எனக்கும் ஒரே கட்சி: கிரைண்டர் கிட்டேயே வரக்கூடாது. கையில் பிடிக்கிற மெஷினில் எமரி வட்டு மாட்டி ‘சர்ர்’ என்று இழுத்தால் பளிச்சென்று வரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முகத்தில் பள்ளம் விழும், அதைவிட மோசமாக அந்த எமரித் தூள் ஆயில் பாதைக்குள் இறங்கி கிராங்க் பேரிங்கைத் தின்னும். கேஸ்கெட் மாற்றி கொஞ்ச நாளில் ‘எஞ்சினே போச்சு’ என்று வருகிற வண்டிகளில் இந்தக் கதை உண்டு. அகலமான ஸ்கிரேப்பர், மண்ணெண்ணெய், தட்டையான சாணைக்கல், பொறுமை. பிஸ்டன்கள் மேலே வந்து நிற்கும்போது மேல் கரியைச் சுரண்டலாம், மற்ற சிலிண்டர்களில் துணி திணித்திருக்க வேண்டும், பிஸ்டன் விளிம்பைச் சுற்றி கிரீஸ் தடவி வைத்தால் விழுகிற தூள் அதில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் வழித்து எடுத்துவிடலாம்.

அப்புறம் போல்ட் ஓட்டைகள். இதைப் பலரும் தாண்டிப் போகிறார்கள், எனக்கு இதுதான் முழு வேலையிலும் முக்கியமானதாகத் தெரிகிறது. அடி மூடிய ஓட்டையில் தண்ணீரோ ஆயிலோ நின்றால், போல்ட் இறங்கும்போது அது போக இடமில்லாமல் பிளாக்கையே வெடிக்க வைக்கும், இல்லாவிட்டால் போல்ட் இறுகின மாதிரிக் காட்டும், இறுகியிருக்காது. ஒவ்வொரு ஓட்டையிலும் மரை வெட்டுகிற டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்து, துணி முறுக்கி விட்டுத் துடைத்து, காய்ந்தது என்று தெரிந்த பிறகுதான் அடுத்தது. போல்ட்டுகளையும் டீசலில் ஊற வைத்து கம்பி பிரஷ் போட்டு, மரையில் இழுபட்டு மெலிந்தது, அரித்தது எல்லாம் ஒதுக்கினோம்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால் ஒரு கணக்கு சொல்கிறேன். 92 மில்லிமீட்டர் போருக்குப் பரப்பு கிட்டத்தட்ட 66 சதுர சென்டிமீட்டர். டீசல் எரிகிற நேரத்தில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 60, 70 கிலோவைச் சாதாரணமாகத் தொடும். பெருக்கிப் பாருங்கள், ஒவ்வொரு தடவை எரியும்போதும் ஏறக்குறைய நாலு, நாலரை டன் பலம் அந்த ஒரு சிலிண்டரிலிருந்து ஹெட்டை மேலே தள்ளுகிறது. 2000 ஆர்.பி.எம்மில் ஒரு சிலிண்டர் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை எரியும். இதைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் போல்ட்டுகளின் இழுவைதான், கேஸ்கெட் வெறுமனே நடுவில் நசுங்கி அடைத்துக்கொண்டு கிடக்கிறது. நாம் டார்க் ரெஞ்சில் (முறுக்கும் அளவைக் காட்டுகிற ஸ்பானர்) கொடுக்கிற பலத்திலோ ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது, மிச்சமெல்லாம் மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் உரசலில் போய்விடும். சுத்தமான மரைக்கே இந்தக் கதி. உப்புக்காற்றில் துருப்பிடித்த மரையில் ரெஞ்ச் ‘டக்’ என்று சொல்லும், ஹெட் பாதிப் பிடியில்தான் இருக்கும். அதனால் மரையிலும் தலைக்கு அடியில் வாஷரிலும் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவ வேண்டும், ஊற்றக்கூடாது.

ஹெட்டை லேத்துக்கு அனுப்பும் முன் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்த்தோம். நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவாட்டத்தில். அடியில் ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகடு நுழைகிறதா என்று பார்ப்பதுதான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நுழைந்தாலே யோசிக்க வேண்டும், எங்களுடையதில் பின்பக்கம் தாராளமாக நுழைந்தது. வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க காக்கா வைத்திருக்கிற வழி பழையது, செலவில்லாதது: வால்வு சீட்டுகளுக்கு நடுவில் மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவுவார். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் திரும்பக் கசிந்து வெள்ளையில் ஒரு கோடாகத் தெரியும். எங்களுக்குக் கோடு வரவில்லை. வந்திருந்தால் இந்த லாரியின் கதை அங்கேயே முடிந்திருக்கலாம், நல்ல பழைய ஹெட் கிடைப்பது இப்போது சுலபமில்லை.

அரித்த இடங்களை வெல்டிங் வைத்து நிரப்பி முகத்தைச் சமம் சீவிக் கொடுத்தார்கள். இதில் ஒன்று கவனிக்க வேண்டும். முகத்தைச் சீவினால் ஹெட் மெலிகிறது, வால்வுகள் முகத்துக்கு உள்ளே எவ்வளவு பள்ளத்தில் உட்கார்ந்திருந்தனவோ அந்தப் பள்ளம் குறைகிறது. இந்த எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது இடைவெளி மிகக் குறைவு, வால்வு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். நாசில் முனையும் அதே அளவுக்கு அதிகமாக நீட்டும், அடியில் போடுகிற செம்பு வாஷர் கனத்தை மாற்றிச் சரிக்கட்ட வேண்டும். லேத்தில் ‘முடிஞ்சளவு சீவுங்க’ என்று சொல்லாதீர்கள், ‘சமம் வர்ற அளவுக்கு மட்டும்’ என்று சொல்லுங்கள். புத்தகத்தில் குறைந்தபட்சக் கனம் போட்டிருக்கும், அதற்குக் கீழே போனால் ஹெட் வீண்.

இப்போது கேஸ்கெட். ஆடி மாதம், கச்சான் காற்று. எங்கள் பக்கம் அது வயற்காட்டுப் புழுதியையும் உப்பளத்துத் தூளையும் அள்ளிக்கொண்டு வரும், பத்து மணிக்கு மேல் வெளியில் எந்தத் துல்லிய வேலையும் நடக்காது. அதனால் விடியற்காலையில் வைத்துக்கொண்டோம். இன்னொரு தொல்லை, சுத்தம் செய்த வார்ப்பிரும்பு முகம் இந்தக் காற்றில் ஒரே ராத்திரியில் செம்பழுப்பாகப் பூத்துவிடும். முந்தின நாள் துடைத்தவுடன் எஞ்சின் ஆயில் தடவி நனைத்த துணியால் மூடி வைத்து, காலையில் பெட்ரோல் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசை போகும்வரை துடைத்தோம். கடைசியாக உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பார் காக்கா. கண்ணுக்குத் தெரியாத மணல் கைக்குத் தெரியும்.

கேஸ்கெட்டில் சில்வர் பெயிண்ட் அடிப்பதா வேண்டாமா என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும். பழைய செம்பு கேஸ்கெட்டுக்கு மெலிசாக ஒரு கோட் அடித்தால் நுணுக்கமான கீறல்களை அடைக்கும் என்பது உண்மைதான், பலரும் காலங்காலமாகச் செய்கிறார்கள். இப்போது வருகிற கேஸ்கெட் பலவற்றில் கம்பெனியே மேலே பூச்சு கொடுத்து அனுப்புகிறது, அதன்மேல் நாம் எதையும் தடவத் தேவையில்லை. ஆனால் டியூபில் வருகிற பேஸ்ட்டை வழிய வழியத் தடவுவது மட்டும் எந்தக் கேஸ்கெட்டுக்கும் வேண்டாம். நசுங்கி வெளியே வருகிற பேஸ்ட் உள்ளேயும்தான் வரும், ஆயில் ஓட்டையை அடைக்கும். நாங்கள் காய்ந்த கேஸ்கெட்டை அப்படியே போட்டோம்.

ஹெட்டை இறக்கும்போது கேஸ்கெட் நகராமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. கழித்துப்போட்ட பழைய ஹெட் போல்ட் இரண்டின் தலையை அறுத்துவிட்டு, மேலே திருப்புளி நுழைகிற மாதிரி ஒரு வெட்டு போட்டு, முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று என்று மூலைவாட்டத்தில் திருகி நிறுத்திவிட வேண்டும். கேஸ்கெட்டும் ஹெட்டும் அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டே நேராக இறங்கும். நாலைந்து போல்ட் கையால் பிடித்த பிறகு கம்பிகளைத் திருப்புளியால் எடுத்துவிடலாம். கேஸ்கெட்டில் ‘டாப்’ என்று குத்தியிருந்தால் அது மேல் பக்கம். குத்தவில்லை என்றால் ஓட்டைகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள், அவசரப்படாதீர்கள்.

முறுக்குவது நடுவிலிருந்து ஆரம்பித்து சுருள் மாதிரி வெளியே. மூன்று சுற்று. முதல் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்ததில் மூன்றில் இரண்டு, கடைசியில் புத்தகத்தில் உள்ள முழு அளவு. அளவை இங்கே எழுதவில்லை, போல்ட்டும் மாடலும் மாறினால் எண்ணும் மாறும், உங்கள் எஞ்சினின் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். ரெஞ்சை வெட்டி வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். பெரியப்பாவின் காலத்து மெக்கானிக்குகள் குழாய் மாட்டிக் கைக்கணக்கில் முறுக்கியவர்கள்தான், அவர்கள் செய்ததில் பலதும் நின்றிருக்கிறது என்று பெரியப்பா ரெஞ்சைப் பார்த்துச் சிரித்தார். காக்கா விட்டுக்கொடுக்கவில்லை: “அப்ப நல்ல தண்ணி ஊத்துனீங்க மாமா, கைக்கணக்கு தாங்குச்சு.”

அதற்கப்புறம் புஷ்ராடு, ராக்கர், வால்வு செட்டிங். எரிகிற வரிசை 1-5-3-6-2-4. ஆறாம் சிலிண்டரில் ஒரு வால்வு மூடிக்கொண்டும் இன்னொன்று திறந்துகொண்டும் இருக்கிற நிலையில் ஒன்றாம் சிலிண்டரை செட் செய்யலாம், ஒன்றுக்கு ஆறு, ஐந்துக்கு இரண்டு, மூன்றுக்கு நான்கு என்று ஜோடி. இந்த ஜோடி மனசில் இருந்தால் ஃப்ளைவீல் குறியைத் தேடிக்கொண்டு படுக்க வேண்டியதில்லை. டீசல் பைப்புகளை மாட்டி, கைப்பம்பை அடித்து ஏர் எடுத்து, ஸ்டார்ட். முதலில் கொஞ்சம் வெள்ளைப்புகை, ரெண்டு இருமல், பிறகு ஆறும் சேர்ந்து ஒரே சீரான சத்தம். பெரியப்பா உடனே ரேடியேட்டர் மூடியைத் திறந்து குமிழ் பார்க்கப் போனார், காக்கா கையைப் பிடித்து நிறுத்தி, “ஆறட்டும், ஆவி அடிச்சிரும்” என்றார்.

இந்த மாதிரிப் பழைய கேஸ்கெட்டுக்கு வேலை அத்தோடு முடியாது. எஞ்சின் நல்ல சூட்டுக்கு வந்து ஆறின பிறகு கேஸ்கெட் இன்னும் கொஞ்சம் அமுங்கும், போல்ட்டின் பிடி தளரும். அதே வரிசையில் ஒவ்வொரு போல்ட்டாக, ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்று, லேசாகத் தளர்த்தித் திரும்ப முழு அளவுக்கு முறுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓடின பிறகு இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஹெட் ஒரு நூலளவு கீழே இறங்குவதால் வால்வு இடைவெளியும் மாறும், அதையும் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு ‘டூப்ளிகேட் கேஸ்கெட்’ என்று சொல்வது நியாயமில்லை. புதிய வண்டிகளில் வருகிற பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட்டுக்கு இந்தத் திரும்ப முறுக்கும் வேலை கிடையாது, அதனால் இளசுகள் இதைக் கேள்விப்படாமலே வளர்கிறார்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். ஊருணித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து கேபினில் வைத்துக்கொண்டு அதை மட்டும் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற டிரைவர்கள் எங்கள் ஜில்லாவில் முன்பு இருந்தார்கள். மழைத் தண்ணீர், அதில் உப்பு இல்லை, காரணம் அவ்வளவுதான். ஊருணி வற்றிய பிறகு கிணறு, போர்வெல், எது கிடைத்ததோ அது. இப்போது நாங்கள் பேட்டரித் தண்ணீரில் கூலண்ட் கலந்து ஊற்றியிருக்கிறோம். வெறும் பேட்டரித் தண்ணீர் மட்டும் போதாது, உப்பில்லாத தண்ணீரும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், துருவைத் தடுக்கிற சரக்கு கூலண்டில்தான் இருக்கிறது. விலையைக் கேட்டு பெரியப்பா முகம் சுளித்தார், ஹெட் சீவின பில்லைக் காட்டினேன்.

யாரோ எப்போதோ கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டையும் (எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வு) திரும்பப் போட்டோம். ‘நம்ம வெயிலுக்கு எதுக்கு அது’ என்று கேட்பார்கள். டீசல் எஞ்சின் குளிர்ச்சியாகவே ஓடினால் சிலிண்டரின் உள்சுவரான லைனர் சீக்கிரம் தேயும், சரியான சூட்டில் இருப்பதுதான் அதற்கு ஆரோக்கியம். கூடவே டேஷ்போர்டில் செத்துக் கிடந்த டெம்பரேச்சர் மீட்டருக்கும் உயிர் கொடுத்தோம், அது ஓடியிருந்தால் இந்தக் கேஸ்கெட் எரிவதற்கு முன்னாலேயே யாராவது வண்டியை நிறுத்தியிருப்பார்கள்.

வாட்டர் பம்பில் மட்டும் ஒரு சொட்டுக் கசிவு பாக்கி இருக்கிறது. உப்பு அரித்த ஷாஃப்ட், சீல் எவ்வளவு மாற்றினாலும் நிற்காது. ரிப்பேர் கிட்டுக்கு மதுரையில் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் ஷாஃப்ட்டோடு சேர்த்து மாற்றிவிட வேண்டும். அதுவரை பெரியப்பா தினமும் காலையில் தண்ணீர் மட்டம் பார்த்து, பேட்டரித் தண்ணீர் கேனையும் கூலண்டையும் பூட்டி வைத்து, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போகிறார்.